பிணை

கோடை வந்தால் எங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு மான் வரும். ஊர்ப்பெயர் மட்டும் மாறும். செஞ்சிப் பக்கம் ஒரு கிராமமாக இருக்கும், இல்லையென்றால் திண்டிவனத்துக்கு மேற்கே ஏதாவது ஒரு ஏரிக்கரையாக இருக்கும். தண்ணீர் தேடி வந்த புள்ளிமானை நாய்கள் துரத்தியிருக்கும். கிணற்றில் விழுந்திருக்கும், அல்லது யாரோ ஒருவரின் தோட்டத்து வேலியில் சிக்கியிருக்கும். படத்தில் நாலு காலும் கட்டப்பட்ட மான், சுற்றிலும் கைபேசியோடு பையன்கள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: வனத்துறையினர் மீட்டுக் காப்புக்காட்டில் விட்டனர். தலைப்பும் அநேகமாக ஒன்றுதான்: வழிதவறி ஊருக்குள் வந்த மான்.

பல வருஷம் இதை வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருக்கிறேன். தாத்தா விஷயத்துக்குப் பிறகுதான் அந்த ‘வழிதவறி’ உறுத்த ஆரம்பித்தது.

எங்கள் வீடு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சாலையோர வீடு. முன்னால் ரெண்டு புளியமரம், பின்னால் கிணறு. நாலு வழிச் சாலை போட்டபோது முதலில் புளியமரங்கள் போயின, அப்புறம் வீடு போனது. கிடைத்த பணத்தில் அப்பா விழுப்புரத்தில் ஒரு மனை வாங்கிக் கட்டினார். தாத்தா எங்களோடு வந்தார். ஆயா அதற்கு முன்பே, அந்த வீட்டிலேயே இறந்துபோயிருந்தார்.

விழுப்புரம் வந்த மூன்றாம் வருஷம் தாத்தாவுக்கு மறதி தொடங்கியது. காலையில் சாப்பிட்டது மறந்தது. என் பெயர் மறந்தது. ஒருநாள் மத்தியானம் ஆளைக் காணோம். நாங்கள் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு போன் வந்தது. சட்டைப்பையில் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் வைத்திருப்போம். பேசியவர் ஒரு பஸ் கண்டக்டர்.

“பெருசு கூட்டேரிப்பட்டுன்னு கரெக்டா டிக்கெட் கேட்டு வாங்குச்சு சார். எறங்கினதும் ரோட்டுக்கு நடுவுல போய் நின்னுக்கினு ‘எங்க வூடு எங்கடா’ன்னு கேக்குது. வுட்டுட்டுப் போவ மனசு வரல. டீக்கடையில ஒக்கார வெச்சிருக்கேன். திரும்பி வரச்சே நானே கூட்டியாறேன்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பாவம், வழி தவறிட்டாரு. நானும் தலையாட்டினேன். ராத்திரி படுத்தபிறகுதான் யோசித்தேன். சரியான பஸ், சரியான டிக்கெட், சரியான நிறுத்தம். பேரன் பெயர் ஞாபகமில்லாத மனுஷன் இத்தனையையும் சரியாகச் செய்திருக்கிறார். அவர் எங்கே வழி தவறினார்? வழி முடிகிற இடத்தில் வீடு இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அப்பா கேட்டுக்குப் பூட்டு வாங்கி வந்தார்.

*

நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவன். மூன்று வருஷமும் மான்களுக்கு நடுவில்தான் இருந்தேன். ஆனால் அவை எல்லாம் கண்கள். காமத்துப்பாலில் 1085ஆம் குறளிலும் 1089ஆம் குறளிலும் பெண்மானின் பார்வை வருகிறது. அங்கிருந்து சிற்றிலக்கியம் வழியாக சினிமாப் பாட்டு வரைக்கும் அந்தக் கண் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. மான்விழி என்று பெண்ணுக்குப் பெயரே வைத்துவிட்டோம். நான் எழுதிய முதல் கவிதையிலும் அந்தக் கண் இருந்தது. நல்லவேளை, எங்கும் அச்சாகவில்லை.

இந்த உவமையில் எனக்கு இப்போது உள்ள சிக்கல் அது பழசு என்பதில் இல்லை. மான் அதில் எதையும் பார்ப்பதில்லை. அதை நாம் பார்க்கிறோம். மருட்சி என்கிறோம், மடம் என்கிறோம். மருண்ட பார்வை என்று சொல்லிவிட்டால் அந்த விலங்குக்கு எதுவும் தெரியாது, அது எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியாது என்று ஆகிவிடுகிறது. செய்தித்தாளின் ‘வழிதவறி’க்குப் பின்னால் இருப்பது இந்தக் கண்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நம்மிடம் இன்னொரு மானும் இருந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் மானை மொத்தமாக ஒரு பெயரில் அடைத்துவிடுவதில்லை. ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி. அதற்குள்ளேயே உழை, நவ்வி, புல்வாய் என்று வகைகள். சங்கப் பாட்டில் இரலை, மரை, கடமா என்று இன்னும் சில. இத்தனை பெயர் வைத்தவர்கள் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களாக இருக்க முடியாது.

முல்லைத் திணையை எடுத்துக்கொள்வோம். பரீட்சைக்கு ‘இருத்தல்’ என்று எழுதுவோம், மார்க் விழும். ஆனால் அந்தப் பாட்டுகளுக்குள் நடப்பதெல்லாம் திரும்பி வருதல். போனவன் கார்காலத்துக்குள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. அகநானூற்றின் 4ஆம் பாடல், குறுங்குடி மருதனார் பாடியது, இந்த நேரத்தில் நிற்கிறது. முல்லை அரும்பிவிட்டது. மழை பெய்து நிலம் இளகியிருக்கிறது. முறுக்கிய கொம்புள்ள இரலை பள்ளங்களில் துள்ளுகிறது. அவன் தேரில் வந்துகொண்டிருக்கிறான் என்று தோழி சொல்கிறாள். பூவில் இருக்கும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறானாம்.

இந்த இரலை யாருக்கும் உவமை இல்லை. மழைக்கு அந்த இடத்தில் இருக்க வேண்டிய விலங்கு, இருக்கிறது. அது வந்துவிட்டது, அவன் இன்னும் வரவில்லை. பாட்டில் அதன் வேலை அந்த வித்தியாசத்தைக் காட்டுவது. காலமும் இடமும் தெரிந்த ஒரு பிராணியாக மான் அங்கே நிற்கிறது. மனுஷனுக்குத்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

பாலையிலும் அப்படித்தான். ஐந்திணை ஐம்பதில் ஒரு சுனை வருகிறது. ரெண்டு மானுக்குப் போதாத தண்ணீர். கலை குடிக்கிற மாதிரி வாயை வைத்துப் பாவனை செய்கிறது, பிணை குடிக்கட்டும் என்று. கல்லூரியில் இதைக் காதலின் உச்சம் என்று சொல்லித்தந்தார்கள். சரிதான். ஆனால் வெயிலில் காய்ந்து கிடக்கும் அவ்வளவு பெரிய காட்டில் அந்தச் சுனை எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறதே, அதை யாரும் சொல்லித்தரவில்லை.

*

ஊர்ப்பெயரிலேயே காடு இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறேன். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு. அதிலிருந்து திண்டிவனம் வந்தது என்பார்கள். சங்க காலத்தில் இந்தப் பக்கம் ஓய்மாநாடு. நல்லியக்கோடன் ஆண்டது. நத்தத்தனார் அவன்மேல் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடி. அதில் வரும் கிடங்கில்தான் இன்று திண்டிவனத்தை ஒட்டியிருக்கும் கிடங்கல் என்கிறார்கள். எயிற்பட்டினம் மரக்காணம் என்கிறார்கள். ‘ஓய்மான் நல்லியக்கோடன்’ என்று முதலில் வாசித்தபோது, ஓய்ந்துபோன மான் ஏதோ ஒன்று என்று நினைத்தேன். சேரமான், அதியமான் மாதிரி ‘மகன்’ என்பது திரிந்து வந்த ‘மான்’ அது என்று பிறகு வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஆற்றுப்படை என்றாலே வழி சொல்வது. பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே வருகிற பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்துக்குப் போனால் சுட்ட குழல்மீன் கிடைக்கும். வேலூர்ப் பக்கம் போனால் எயிற்றியர் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் தருவார்கள். (இது கோட்டையுள்ள வேலூர் இல்லை, ஓய்மாநாட்டு வேலூர். ஆமான் என்பது காட்டுப்பசு.) ஆமூரில் அரிசிச் சோறும் நண்டும். ஒவ்வொரு நிலத்தையும் அங்கே என்ன தின்னக் கிடைக்கும் என்பதை வைத்து நினைவில் வைத்திருக்கிறார்கள். வழி என்பது அவர்களுக்கு ஒரு கோடு இல்லை. தண்ணீர், நிழல், சாப்பாடு, யார் வீட்டுத் திண்ணை என்கிற வரிசை.

தாத்தாவும் இப்படித்தான் வழி சொல்வார். “ரெண்டு புளியமரம் வரும், அத்தத் தாண்டினா கெணறு, கெணத்துக்கு இந்தாண்ட வூடு.” அவருடைய ஆற்றுப்படையில் மரமும் கிணறும் இருந்தன. வெளியே அவை இல்லை.

*

மான்கள் உண்மையில் இடத்தை நினைவில் வைக்கின்றனவா, இல்லை நாம் நம் தாத்தாக்களை அவற்றின்மேல் ஏற்றிப் பார்க்கிறோமா? விமர்சனம் எழுதுகிறவன் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விலங்கியல் வாசித்தேன்.

2021இல் வெளியான ஓர் ஆய்வு இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ரோ மான்களை வைத்து நடந்தது. கழுத்துப்பட்டை மாட்டிய மான்கள், தீனி வைத்த இடங்கள். ஒரு மான் வழக்கமாகப் போகிற இடத்தில் தீனியைக் கொஞ்ச நாள் மூடிவிடுகிறார்கள். அது வேறு இடத்துக்கு மாறுகிறது. மறுபடி திறந்ததும் பழைய இடத்துக்கே வருகிறது. பார்த்தோ மோப்பம் பிடித்தோ தேடுகிற விலங்கு வேறு மாதிரி நகர்ந்திருக்கும். இந்த மான்களின் நடமாட்டத்தை ஞாபகத்தை வைத்துத்தான் விளக்க முடிந்தது. இல்லாமல்போனது என்பதையும் அவை ஞாபகம் வைத்திருந்தன, திரும்பிப் போய்ப் பார்க்கவும் செய்தன.

இன்னொன்று தனி ஞாபகத்தைத் தாண்டியது. அமெரிக்காவில் காட்டுச் செம்மறிகளையும், மான் குடும்பத்தில் பெரியதான மூஸையும் அவை அழிந்துபோன மலைகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல மேய்ச்சல் நிலம்தான். ஆனால் புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை பருவத்துக்குப் பருவம் இடம்பெயரவே இல்லை. 2018இல் வந்த ஆய்வின்படி, அந்த வழி மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. தாயிடமிருந்து குட்டிக்கு, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததுக்கு. வழி ரத்தத்தில் வருவதில்லை, கூட நடந்து கற்றுக்கொள்வது.

மூன்றாவது என்னைத் தூங்கவிடாத ஒன்று. செக் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் இடையில் காட்டுக்குள் மின்வேலி இருந்தது. இரும்புத்திரை என்று சரித்திரத்தில் படித்தோமே, அது நிஜமாகவே கம்பியாக அங்கே ஓடியது. 1989க்குப் பிறகு அகற்றிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தால், செம்மான்கள் அந்த இடத்துக்கு வந்ததும் இன்னும் திரும்பிவிடுகின்றன. ஒரு செம்மானின் ஆயுள் சுமார் பதினைந்து வருஷம். வேலியைக் கண்ணால் பார்த்த மான் ஒன்றுகூட இப்போது உயிரோடில்லை. தாய்கள் போகாத இடத்துக்குக் குட்டிகள் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஞாபகத்தைக் கொண்டாடி ஒரு கட்டுரை எழுதிவிட முடியாது. மான் மேய்ச்சலையும் நினைவில் வைக்கிறது, வேலியையும் வைக்கிறது. இல்லாத வீட்டைத் தேடிப் போவதும் இல்லாத வேலிக்குப் பயந்து நிற்பதும் ஒரே ஞாபகத்தின் வேலைதான்.

நம் பக்கத்தில் இது இன்னும் நெருக்கமானது. முல்லைப் பாட்டின் இரலை வெளிமான் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. (விலங்கியல்படி அது மான் குடும்பமே இல்லை. அதன் கொம்பு உதிராது, மாட்டுக் குடும்பத்தில் சேர்ப்பார்கள். இரலைக்கு அது பற்றிக் கவலை இருக்காது.) ஆண் வெளிமான் தனக்கென்று ஓர் இடம் பிடிக்கும். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சாணமிட்டு, கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியைச் செடியில் தேய்த்து, இது என் இடம் என்று எழுதி வைக்கும். நாம் பார்த்துப் பார்த்து உவமை சொன்ன கண்ணுக்கு அடியில் அதனுடைய பட்டா இருந்திருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் வெளிமானைப் பார்க்க வேண்டுமானால் கோடியக்கரை, வல்லநாடு, கிண்டி போன்ற சில இடங்களுக்குத்தான் போக வேண்டும். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் சென்னை. அந்தக் காட்டிலிருந்து வெட்டியெடுத்த நிலத்தில்தான் 1959இல் ஐஐடி வந்தது. அங்கே விடுதி வாசலில் மான் நிற்கும் படத்தைப் பார்த்து, மான் ஐஐடிக்குள் வந்துவிட்டது என்று சிரிக்கிறோம். எது எதற்குள் வந்தது?

*

நம் புராணங்களுக்கு மான் மேல் ஒரு மோகம் உண்டு. அவற்றிலும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம்.

ராமாயணத்துப் பொன்மானுக்கு ஊர் இல்லை. அது எந்தக் காட்டிலிருந்து வந்தது, அதன் கூட்டம் எங்கே, எந்தத் துறையில் தண்ணீர் குடிக்கும் என்று எதுவும் இல்லை. இப்படி ஒரு மான் உலகத்தில் கிடையாது என்று லட்சுமணன் சொல்வது அந்தக் காட்டில் இருந்து பழகியவனின் சந்தேகம். இடம் இல்லாத மான் பொய்மான். வழிதவறுகிறவன் அங்கே ராமன்தான்.

வள்ளி கதை வேறு. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வள்ளி ஒரு மானின் வயிற்றில் பிறக்கிறாள். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தையை ஈன்ற மான், இது தன் இனம் இல்லையே என்று மருண்டு விலகிவிடுகிறது. வேடர் தலைவன் நம்பி குழந்தையைக் கண்டெடுக்கிறான். மயிலம் கோயிலில் சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது அந்த மான்மேல் எனக்குக் கோபம். விட்டுவிட்டுப் போய்விட்டதே.

அப்புறம்தான் தெரிந்தது: பல மானினங்களில், வெளிமானிலும், தாய் குட்டியை ஈன்றதும் புல்மறைவிலோ பள்ளத்திலோ படுக்க வைத்துவிட்டு விலகித்தான் போகும். கூடவே நின்றால் வேட்டை விலங்குக்குக் காட்டிக்கொடுத்துவிடும். தூரத்தில் மேய்ந்துவிட்டு, இடத்தை நினைவில் வைத்துத் திரும்பி வந்து பால் கொடுக்கும். குட்டி அசையாமல் கிடக்கும். உலகம் முழுக்க மனுஷர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. இப்படிக் கிடக்கும் குட்டியைப் பார்த்து, அநாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுகிறார்கள். தாய் திரும்பி வரும்போது அங்கே குட்டி இருக்காது.

புராணம் இப்படிச் சொல்லவில்லை, மருண்டு போனது என்றுதான் சொல்கிறது. ஆனாலும் இப்போது அந்தப் படலத்தை வாசித்தால் நம்பி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபிறகு அந்தக் குழி எனக்குத் தெரிகிறது. சாயங்காலம் அந்த மான் அங்கே திரும்பி வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. வந்து நின்றிருந்தால், யாராவது பார்த்து ‘வழிதவறி வந்த மான்’ என்று சொல்லியிருப்பார்கள்.

*

இந்த இடத்தில் எனக்கு எதிராக நானே ஒரு கதையை வைக்க வேண்டும். அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’. அதே பெயரில் 2000இல் தொகுப்பாகவும் வந்தது. தங்கம் அத்தை ராத்திரியில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறாள். ‘பூக்காத’ உடம்பு என்று வீட்டார் சொல்லும் உடம்பு அவளுடையது. அவள் சொல்லும் கதையில் ஒரு மான் தன் காட்டிலிருந்து விலகி வேறொரு காட்டுக்குப் போய்விடுகிறது. எல்லாமே புதுசு. பயந்து பயந்து அலைகிறது. பிறகு ஒரு பௌர்ணமி ராத்திரியில் பயம் விலகுகிறது. அந்தக் காட்டின் ரகசியங்கள் அதற்குப் புரிய ஆரம்பிக்கின்றன. இந்தக் காடும் அதன் காடாகிறது.

இது தமிழில் மானைப் பற்றி எழுதப்பட்ட மிக நல்ல கதைகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மானைக் கண்ணிலிருந்து விடுவித்த கதை. எல்லோரும் ‘இயல்பு’ என்று சொல்லும் காட்டுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிற கதை. பழைய காடு எல்லோருக்கும் சொர்க்கம் இல்லை. எங்கள் அம்மாவைக் கேட்டால் தெரியும். கூட்டேரிப்பட்டு வீட்டில் கழிவறை கிடையாது. விழுப்புரம் வந்த அன்றைக்கு அம்மா அழவில்லை. தாத்தாவின் ஏக்கத்தை வைத்து மட்டும் நான் அந்த வீட்டைப் பற்றி எழுதினால் அம்மாவுக்குத் துரோகம் செய்கிறேன்.

ஆனால் அம்பையின் மானுக்கு ஒன்று கிடைத்தது. நேரம். பௌர்ணமி வரும்வரை அலையவிட்டார்கள். யாரும் வலை போட்டுப் பிடித்து, காலைக் கட்டி, இதுதான் உன் காடு என்று கொண்டுபோய்த் தள்ளவில்லை. பிடிபட்ட அதிர்ச்சியிலேயே செத்துப்போகிற மான்கள் நிறைய. காப்புக்காட்டில் விட்டனர் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அது எந்தக் காடு, அதற்கு அங்கே சுனை தெரியுமா என்பது செய்தியில்லை. இன்னொரு காட்டைத் தன் காடாக்கிக்கொள்ள முடியும்தான். அம்மா ஆக்கிக்கொண்டாள். தாத்தாவுக்கு எண்பத்தோரு வயசு. அவருடைய பௌர்ணமிக்கு நாங்கள் காத்திருக்கவில்லை. கேட்டைப் பூட்டினோம்.

*

‘பிணை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். பெண்மானுக்கும் அதே சொல், ஜாமீனுக்கும் அதே சொல். நீதிமன்றச் செய்தியில் ‘பிணையில் விடுதலை’ என்று வாசிக்கும்போது யாருக்கும் மான் ஞாபகம் வருவதில்லை. ஒருவருக்கு வந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவருக்கு.

சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் வந்ததால் நிறைய பேர் நபிகள் நாயகத்தின் கருணைக்கு உதாரணம் என்று மனப்பாடம் செய்து கடந்திருப்போம். திரும்பப் படித்துப் பாருங்கள். வேடனின் வலையில் ஒரு பிணை சிக்கிக் கிடக்கிறது. நபி அந்த வழியாக வருகிறார். மான் அவரிடம் பேசுகிறது. குட்டியைத் தனியாக விட்டு வந்திருக்கிறேன், பசியோடு கிடக்கும், போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறது. வேடன் நம்பவில்லை. காட்டுக்குள் போன மான் திரும்பி வருமா என்ன? நபி, நான் பிணை என்கிறார். மான் போகிறது. தன் கூட்டத்தைத் தேடி அடைகிறது. கூட்டம் தடுக்கிறது, தப்பித்தவள் திரும்பிப் போவாளா என்கிறது. அது பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது.

இதில் மான் ரெண்டு தடவை வழியை நினைவில் வைத்திருக்கிறது. குட்டி கிடந்த இடத்துக்கு ஒரு தடவை, வலை கிடந்த இடத்துக்கு ஒரு தடவை. முதலாவது எல்லா மானும் செய்வது. மறைத்துவிட்டு வந்த குட்டியிடம் திரும்பிப் போவது. உமறுப்புலவர் அந்த இயல்பைத்தான் அடியில் வைத்து, அதன்மேல் ரெண்டாவதைக் கட்டுகிறார். குட்டி கிடந்த இடத்தை மறக்காத பிராணி, கொடுத்த வாக்கையும் மறக்காது. சங்கப் பாட்டில் காலமும் இடமும் தெரிந்திருந்த அந்தப் பழைய மான், இவ்வளவு நூற்றாண்டு கழித்து இங்கே வாய் திறந்து பேசுகிறது. என் வாசிப்பில் தமிழில் மானுக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதை இதுதான். அதன் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை, அதன் சொல்லைப் பற்றிச் சொன்னார்.

ஆனால் இந்தப் படலத்தின் பெயரைக் கவனியுங்கள். மான் திரும்பிய படலம் என்று வைக்கவில்லை. மானுக்கு வழி தெரியும், மனசும் இருந்தது. அது போதவில்லை. நடுவில் வலை இருந்தது. வலைக்கும் குட்டிக்கும் நடுவில் ஒருவர் நின்று, போகட்டும், நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் அகநானூற்றின் அந்தத் தோழியும் அதைத்தான் செய்கிறாள். அவன் வருவான், நான் சொல்கிறேன் என்று அவள் நிற்பதுதான் அந்தப் பாட்டு. தேர்மணியின் நாவைக் கட்டியவனும் ஒரு வகையில் வண்டுகளுக்குப் பிணை நின்றவன்தான்.

செய்தித்தாள் மான்களுக்கு இல்லாதது இதுதான். அவற்றுக்கு வழி தெரியும். தாய் காட்டிய ஏரி தெரியும். நடுவில் நாலு வழிச் சாலை, கம்பி வேலி, மனைப்பிரிவு, நாய்கள். மனுஷர்கள் சாலையைக் கடக்க மேம்பாலம் போடுகிறோம், மாடு கடக்க சுரங்கப்பாதை போடுகிறோம். மானுக்கு நான் பொறுப்பு என்று அந்த வரைபடத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. இப்படியே போனால் செக் காட்டு மான்களைப் போல நம் மான்களும் சாலை வரை வந்து திரும்பிப்போகக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்வதற்குள் எத்தனை சாகும் என்பதுதான் கணக்கு. அதற்கப்புறம் செய்தி வராது. வராததை நாம் கவனிக்கவும் மாட்டோம்.

அன்றைக்கு தாத்தாவுக்குப் பிணை நின்றவர் அந்தக் கண்டக்டர். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. மகனும் பேரனும் வீட்டில் பூட்டு தேடிக்கொண்டிருந்தபோது, திரும்பி வரும்போது நானே கூட்டி வருகிறேன் என்று சொன்னவர் அவர்.

பூட்டு ரெண்டு மாசம் இருந்தது. தாத்தா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூட்டிப்போக ஆரம்பித்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “போனா திரும்பி வரமாட்டேன்னு அடம் பண்ணுவாருடா” என்றார். நான் கூட்டி வரேன்ப்பா, என் பொறுப்பு என்றேன். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறுவோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். கூட்டேரிப்பட்டில் இறங்கி சர்வீஸ் ரோட்டோரம் நடப்போம். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். எனக்கு அங்கே எல்லாம் ஒரே தாராகத் தெரியும்.

நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒருநாள் சாலைக்கு நடுவில் அரளி வைத்திருந்த இடத்தைக் காட்டி, “கெணறு அங்க இருந்துச்சு, மூடிட்டானுங்க” என்றார். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாமல்போனது என்று தெரிந்துதான் வந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதுவரை அப்படி நினைக்கவில்லை.

பிறகு டீ குடிப்போம். டீ முடிந்ததும் அவரே எழுந்துகொள்வார். ஒரு தடவைகூட அடம் பிடித்ததில்லை.

“வா, போலாம். வூட்ல தேடுவாங்க” என்பார்.